பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டியது

மகனே,

நலம் விசாரிக்கிற வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். நான் நலமாக இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நேற்று சனிக்கிழமை, அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் கொண்டுவந்து நீட்டினார். முறத்தை வைத்துவிட்டுப் பிரித்தேன். விழுப்புரத்தில் நாம் பீரோ வாங்கிய கடைக்காரர்கள் உங்கள் திண்டிவனத்தில் புதிதாகக் கிளை திறந்திருக்கிறார்களாம். டிவி தவணைக்குத் தருகிறார்களாம். பழைய கார்டு உள்ளவர்களுக்கு முன்பணம் பாதிதானாம், ஜாமீன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கியாம். "ரெஜினா டீச்சர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கி ஜல்தியா அனுப்பும்மா" என்று எழுதியிருக்கிறாய். படிவத்தையும் மடித்து உள்ளே வைத்திருக்கிறாய். டீச்சர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வேறு. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறாய்? ஜூலை மாதம் நடந்ததற்குப் பிறகு அந்த டீச்சர் வேலை விஷயம் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசி மூன்று மாதம் ஆகிறது. ஒரு நாள் ஆறப்போட்டு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை. செல்வியும் இதைப் படிக்கட்டும், மருமகளிடம் ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை.

பீரோ வாங்கிய கதை உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்ததைத்தான் நீ முதலில் மறக்கிறாய். உன் கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நம் வீட்டில் துணி வைக்க இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கொடிக்கயிறும். பீரோ வேண்டும் என்று நீ கேட்கவில்லை, ஆசைப்பட்டது நான்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். விழுப்புரத்தில் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் தவணைக் கார்டு போட்டுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். முன்பணம் இருநூறு. மாதம் எண்பத்தைந்து வீதம் பத்து மாதம். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி கடை மூடுவதற்குள் கட்டிவிட வேண்டும். தாண்டினால் ஐந்து ரூபாய் அபராதம். மூன்று தடவை தாண்டிவிட்டால் அதற்குப் பிறகு வாங்கினவரிடம் கேட்கவே மாட்டார்கள், ஜாமீன் போட்டவரிடம்தான் நேராக ஆள் போகும். இதை அந்தக் கணக்கர் நம் இரண்டு பேர் காதிலும் விழும்படிதான் சொன்னார். நீ அந்த நேரத்தில் பீரோக் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தாய்.

என் பேரில் கார்டு போடுங்கள் என்றேன். கணக்கர் சிரித்தார். "சத்துணவு அமைப்பாளர்னா பர்மனென்ட் இல்லியேம்மா. கெவர்மென்ட்ல முழுச் சம்பளம் வாங்கறவங்க யாராச்சும் ஜாமீன் போட்டா எழுதறோம்" என்றார். நீ லாரி ஆபீஸ் கிளார்க், உன் சம்பளச் சீட்டும் அங்கே செல்லவில்லை. சொந்தக்காரர்களில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கிற இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் பெண்டாட்டியைக் கேட்க வேண்டும் என்றார், இன்னொருவர் கேட்டதற்குப் பிறகு நம் தெருப் பக்கமே வரவில்லை. ரெஜினா டீச்சரிடம் நான் கேட்கவே இல்லை. சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை அவரே கைப்பையில் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். கணக்கர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவங்க உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார். டீச்சர், "தினம் எங்கூட சாப்பிடறவங்க" என்றார். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று உனக்குத் தெரியாவிட்டால் நீ இந்த ஊரில் பிறந்ததே வீண். நம் ஊர்க் காலனியில் பிறந்து, படித்து, இதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தவர் அவர். நான் சத்துணவு வேலையில் சேர்ந்த முதல் நாள், மற்ற வாத்தியார்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து சாப்பிட, அவர் தனியாக டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று சாயங்காலமே நம் தெருவில் நாலு பேர் என்னைக் கேட்டார்கள். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். ஐந்து வருடம் என் மல்லாட்டைத் துவையல் அவருக்கு, அவர் கருவாட்டுக் குழம்பு எனக்கு. அவர் மேல் ஒரு குறை கிடைக்காதா என்று நம் தெருவில் காத்துக்கிடந்தவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை, ஒருவரிடம் ஒரு ரூபாய் கைமாற்று வாங்கியதில்லை. அந்த நல்ல பேரை வைத்துக்கொண்டுதான் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். அந்தப் பேரைத்தான் நம் பீரோவுக்காக அந்தக் கடையில் எழுதிக் கொடுத்தார்.

நீ என்ன செய்தாய்? பிப்ரவரியில் நீயே வந்து பணத்தை என் கையில் கொடுத்தாய், மார்ச்சிலும் வந்தாய். புது மாப்பிள்ளை, ஜோராகத்தான் இருந்தது. ஏப்ரலில் பன்னிரண்டாம் தேதி வந்து நின்று, "செல்விய பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கினு போனேம்மா, கையில இல்ல" என்றாய். மே மாதம் நீ பணத்தைக் கொடுத்தனுப்பிய பஸ் கண்டக்டர் லீவில் போய்விட்டார். கவர் அவர் சட்டைப் பையிலேயே அவர் ஊருக்குப் போய், அங்கே நாலு நாள் இருந்துவிட்டு, பதினான்காம் தேதி நம் ஊர் காணை டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. ஜூனில் மணியார்டர் அனுப்பினாய். எப்போது? எட்டாம் தேதி. அதுவும் கடை விலாசத்துக்கு இல்லை, வீட்டு விலாசத்துக்கு. பகல் முழுக்க நான் பள்ளிக்கூடத்தில் அடுப்பங்கரையில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா? தபால்காரர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கார்டில் மூன்று கட்டத்திலும் சிவப்பு மையில் அபராதம் எழுதியிருக்கிறது, வேண்டுமானால் வந்து பார். ஒவ்வொரு தடவையும் உன்னிடம் ஒரு காரணம் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உனக்குச் சம்பளம் ஐந்தாம் தேதி. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் ஐந்து முழு நாள் இருக்கிறது. அந்த ஐந்து நாளில் சினிமாவுக்குப் போக முடிகிறது, புரோட்டாக் கடைக்குப் போக முடிகிறது, எண்பத்தைந்து ரூபாயைத் தனியாக எடுத்து வைக்க மட்டும் உனக்குக் கை வரவில்லை.

உங்கப்பா எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன். அவர் சைக்கிள் வாங்கியது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது இடுப்பில். சந்தைக்கு வருகிற ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் வாரம் இரண்டு ரூபாய் என்று பேசி வாங்கினார். சந்தைக்குள் கால் வைத்ததும் முதலில் அந்தக் கடைக்காரரைத் தேடிப் போவார். எனக்கு எரிச்சல் வரும். வெயில் ஏறுவதற்குள் காய்கறி வாங்கினால்தானே நல்லதாகக் கிடைக்கும். "கடைசில குடுத்தா இன்னா, ஓடியா போயிடப் போறோம்?" என்று கேட்டேன். "கடைசில துட்டு இருக்காதுடி, சாக்குதான் இருக்கும்" என்றார். நான் அன்றைக்குச் சிரித்தேன். ஒரு வாரம் மழையில் சந்தையே கூடவில்லை. அந்த மனுஷன் இரண்டு ரூபாயை மடித்து வேட்டியில் முடிந்துகொண்டு, நடந்தே அந்தக் கடைக்காரர் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். சைக்கிளில் ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, இந்த வாரம் இன்னும் அது நம்முது இல்லியே என்றார். இப்படிப்பட்டவருக்குப் பிறந்துவிட்டுப் பணத்தைக் கண்டக்டர் பையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாயே, உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது?

ஜூலையில் நடந்ததை நான் உனக்கு ஒரு தபால் கார்டில் நாலு வரிதான் எழுதியிருந்தேன். முழுதாகச் சொல்கிறேன், கேள். அது திங்கட்கிழமை. காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், டீச்சர் முன்னால் நிற்கிறார், பாட்டு நடக்கிறது. மொபெட்டில் ஒரு ஆள் வந்து கேட்டுக்குள்ளேயே வண்டியை நிறுத்திவிட்டு, "இங்க ரெஜினாங்கறது யாரு?" என்றான். டீச்சர் என்றுகூடச் சொல்லவில்லை. பாட்டு நடுவிலேயே நின்றுபோயிற்று. டீச்சர் நான்தான் என்று முன்னால் வந்தார். "ஜாமீன் போட்டுட்டு நீங்க பாட்டுக்கு பாடம் நடத்திக்கினு இருந்தா எப்பிடி? எம்பத்தஞ்சு, அபராதம் அஞ்சு, தொண்ணூறு ரூபா. இப்பவே வெச்சா போயிடுவேன். இல்லாங்காட்டி சம்பளத்துல புடிக்கச் சொல்லி ஆபீசுக்கு எழுதிடுவோம்" என்றான். "பசங்க நிக்கறாங்க, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றார் டீச்சர். அவன் மெதுவாகப் பேசவில்லை. டீச்சர் வகுப்புக்குள் போய்க் கைப்பையை எடுத்துவந்து, அத்தனை பிள்ளைகளும் பார்க்க, தொண்ணூறு ரூபாயை எண்ணி அவன் கையில் வைத்தார். அந்தப் பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் இருக்குமா? சாயங்காலத்துக்குள் நம் தெருவிலும் காலனியிலும் பேச்சு. ஜாமீன் என்ற சொல் பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. டீச்சர் கடன் வாங்கி ஏமாற்றிவிட்டார், கடைக்காரன் வந்து பள்ளிக்கூடத்திலேயே மானத்தை வாங்கிவிட்டான் என்றுதான் ஊர் முழுக்கப் போயிற்று. நம் தெருவில் ஒருத்தி என்னிடமே வந்து, "பாத்தியா, அவங்க புத்தி எங்க போவும்" என்றாள். மறுநாளிலிருந்து டீச்சர் மத்தியானம் வகுப்பிலேயே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார். இவரிடம்தான் இன்னொரு கையெழுத்து வாங்கி ஜல்தியாக அனுப்பச் சொல்கிறாய்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒன்று விட்டுப்போயிருக்கிறது, விட்டது நான்தான். என் ஜூலை மாதத் தபால் கார்டுக்கு நீ ஒரே ஒரு வரி பதில் போட்டிருந்தாய், "வியாழக்கிழமையே குடுத்தனுப்பிட்டேனேம்மா" என்று. அதற்கு நான் பதில் போடவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. நீ அனுப்பியது உண்மை. ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை சாயங்காலமே கவர் டீக்கடைக்கு வந்துவிட்டது, நானே போய் வாங்கி வந்தேன். மறுநாள் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. வல்லத்தில் என் பிறந்த வீட்டில் வெள்ளிக்கிழமை ஒரு பைசா வெளியே போகாது, உப்புகூட இரவல் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடுவாள். நானும் அப்படியே பழகிவிட்டேன். உங்கப்பா இருந்தபோது, "வெள்ளிக்கிழம கடன்காரனுக்குப் பசிக்காதா?" என்று கேலி செய்வார், அப்போதும் விட்டதில்லை. ஒரு நாள்தானே, ஐந்து ரூபாய் அபராதம் போனால் போகிறது, சனிக்கிழமை கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மூன்று தடவை தாண்டியாகிவிட்டது, இனி ஆள் நேராக டீச்சரிடம்தான் போவான் என்பது எனக்கு ஞாபகம் வரவே இல்லை. சனிக்கிழமை சத்துணவுக் கணக்குப் பார்க்க அதிகாரி வந்து சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டார். ஞாயிறு கடை லீவு. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே விழுப்புரம் போவது என்று பணத்தை எடுத்து வந்திருந்தேன்.

ஆமாம், அந்த ஆள் கத்தியபோது பணம் என் மணிபர்ஸில் இருந்தது. நான் அடுப்பங்கரையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன், பத்து எட்டு வைத்தால் அவர்கள் நின்ற இடம். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நான் போகவில்லை. போக வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை என்று பணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதற்குள் அவர் எண்ணிக் கொடுத்துவிட்டார். மத்தியானம் டீச்சர் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று, "இன்னாக்கா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான், "பையன் அனுப்பல டீச்சர்" என்றேன். அந்த வாய் என் வாய்தான். அடுத்த வாரம் அதே பணத்தோடு ஐந்து ரூபாய் சேர்த்து, இப்போதுதான் பையன் அனுப்பினான் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

இதை ஒப்புக்கொண்டுவிட்டேன் என்பதற்காக உன் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. ஏப்ரலிலும் மேயிலும் ஜூனிலும் நீ ஒழுங்காகக் கட்டியிருந்தால், ஜூலையில் என் முட்டாள்தனம் ஐந்து ரூபாய் அபராதத்தோடு போயிருக்கும். அந்த ஆள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கவே மாட்டான். மூன்று தடவை நீ வழி வெட்டிக் கொடுத்தாய், நாலாவது தடவை நான் அதில் அவனை நடக்க விட்டேன். உன்னைத் திட்டும்போது எனக்கு என் மேலும் வருகிறது, அதனால்தான் இரண்டு மடங்காகத் திட்டுகிறேன் போலிருக்கிறது. திட்டாமல் எப்படி இருப்பது? டிவி இல்லாவிட்டால் செத்தா போய்விடுவீர்கள்? பீரோவுக்கு இன்னும் இரண்டு கட்டம் பாக்கி இருக்கும்போதே அடுத்த கார்டுக்குக் கை நீள்கிறதே, அது யார் கொடுத்த தைரியம்? அடுத்தவர் கையெழுத்து என்றால் அது கிணற்றுத் தண்ணீரா, வேண்டும்போதெல்லாம் போய் இறைத்துக்கொள்ள?

சரி, கேள். கடன் வாங்காதே என்று நான் சொன்னால் நீ கேட்கப் போவதில்லை, சொல்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. வாங்கினால் எப்படிக் கட்டுவது என்றாவது தெரிந்துகொள். சம்பளம் கைக்கு வந்த அன்றைக்கே, வீட்டுக்குப் போவதற்கு முன்னால், கடைக்குப் போ. திண்டிவனத்தில்தான் கிளை திறந்துவிட்டார்களே, பழைய கார்டுக்கும் அங்கேயே வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டாயா? டிவி விலை கேட்கத் தெரிந்தவனுக்கு இது கேட்கத் தோன்றவில்லை பார். வாங்கிக்கொள்ளவில்லை என்றால் மணியார்டர் அனுப்பு, ஆனால் ஐந்தாம் தேதியே அனுப்பு, கடை விலாசத்துக்கு அனுப்பு, கீழே சேதி எழுதுகிற துண்டில் கார்டு நம்பரை எழுது, ரசீதை அரிசி டப்பாவில் போட்டு வை. மணியார்டர் ஐந்து நாள் எடுக்கும் என்றே வைத்துக்கொள். செக்கு கிக்கு என்று போகாதே, வெளியூர் செக்கு மாறுவதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும். சம்பளமே தாமதமாகும் என்று தெரிந்தால் தேதிக்கு முன்னாலேயே கடையில் போய்ச் சொல். அபராதம் கட்டப் போன ஒரு நாள் அந்தக் கணக்கரிடம் கேட்டேன். "எழுதிக் குடுத்தா தேதிய பதினஞ்சாம் தேதியா மாத்திக் குடுப்போம்மா, யாரும் கேக்கறதில்ல" என்றார். ஐந்து மாதம் கட்டின பிறகு எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. தீபாவளி போனஸ் வந்தால் முதலில் கடைசிக் கட்டத்தைக் கட்டிவிட்டு அப்புறம் ஜவுளிக்கடைக்குப் போ. மாசம் பிறந்ததும் காலண்டரைப் பார், பத்தாம் தேதி வெள்ளியோ ஞாயிறோ என்றால் அதற்கு முந்தி கட்டு. முத்திரை குத்திய பிறகுதான் கடையை விட்டு இறங்கு. கண்டக்டர் பாவம், அவருக்கு டிக்கெட் கிழிக்கிற வேலை இருக்கிறது, அவரை விட்டுவிடு.

மேலே இருப்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எழுதியது. இன்று திங்கள். கடிதத்தை ஒட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் டீச்சர் வகுப்புக் கதவைத் தட்டினேன். டப்பா திறந்திருந்தது, இன்னும் கை வைத்திருக்கவில்லை. உட்காருங்க என்றார், நான் நின்றுகொண்டே சொன்னேன். வியாழக்கிழமை கவர் வந்தது, வெள்ளிக்கிழமை நான் கட்டாதது, அந்த ஆள் கத்தும்போது பணம் என்னிடம் இருந்தது, உன் மேல் பழி போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தையும் படிவத்தையும்கூடக் காட்டினேன், ஒளிக்க இனி என்ன இருக்கிறது. சத்துணவு ஆயா சோறு மிச்சம் என்று சொல்ல வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் அவளைப் போகச் சொல்லவில்லை. டீச்சர் டப்பாவைத் தள்ளி வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"மூணு மாசமா தினம் காலைல உங்க பையனுக்காக ஜெபம் பண்ணிக்கினு இருக்கேங்கா" என்றார். "எனக்கு அவன் மேல ஆத்திரம் அடங்கல. அதனால, அவன மன்னிச்சிடு ஆண்டவரே, எனக்கும் மன்னிக்கற மனசக் குடுன்னு கேட்டுக்கினு இருந்தேன். அவன் ஒண்ணுமே பண்ணல. உங்களுக்காக ஒரு நாள்கூட வேண்டலக்கா. நீங்கதான் நல்லவங்களாச்சே."

அவர் படிவத்தை வாங்கிப் படித்தார், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். வேண்டாம் டீச்சர், அவன் கேட்டான் என்பதற்காகப் போடாதீங்க, நான் கேட்டு வரவில்லை என்று கையைப் பிடித்தேன். என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "உங்களுக்காகப் போடல. மூணு மாசம் அந்தப் பையன தப்பா நெனச்சிட்டேன், அதுக்குப் போடறேன்" என்றார். போட்டுவிட்டு, மை காய ஊதி, என்னிடம் நீட்டினார். "ஆனா ஒண்ணு. பணத்த அவனே கட்டணும். உங்க கை வழியா வரக்கூடாது. இந்தக் கார்டுக்கும் சரி, பழைய கார்டுக்கும் சரி." ஆயா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நான் சரிங்க டீச்சர் என்றேன். அவர் சாப்பிட ஆரம்பித்தார், நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஆகவே, கையெழுத்துப் போட்ட படிவத்தையும் பீரோவுக்கான நம் மஞ்சள் தவணைக் கார்டையும் இதோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். டிவி வாங்குவதும் வாங்காததும் உன் இஷ்டம், செல்வியைக் கேட்டுக்கொள். பீரோ வாங்கிய நாளிலிருந்து கார்டு என்னிடம்தான் இருக்கும், பணம் என்னிடம்தான் வர வேண்டும் என்று அடம் பிடித்தவள் நான். உன்னை நம்ப முடியாது என்று அப்போது உன்னிடம் சொன்னேன். இந்த மாதப் பத்தாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. எனக்கு அனுப்பாதே. அனுப்பினாலும் நான் வாங்க மாட்டேன், வாங்கக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான்.

அம்மா